போர்வைக்குள் ஒரு செல்லோ

பொல்ஸ்வார்ட் என்ற சிறு நகரத்தில் நான் பனிச்சறுக்குக் காலணிக் கடை வைத்திருந்தேன். வாய்க்கால் உறைந்தால்தான் வியாபாரம். பல ஆண்டுகளாக எங்கள் வாய்க்காலில் வாத்துகள்தான் நீந்துகின்றன. ஆனாலும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், இந்த வருஷம் குளிர் பிய்த்து உதறப்போகிறது என்று சரக்கை இறக்குவேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வானிலை இயல் என்பதை இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

கடைசியில் மஞ்சள் கடிதம் கொடுத்தேன். என் சொத்துகளைப் பார்த்துக்கொள்ள ஹூக்ஸ்ட்ரா என்ற பெண் வழக்கறிஞரை நீதிமன்றம் நியமித்தது. அன்றிலிருந்து எனக்கு வரும் தபால் எல்லாம் முதலில் அவரிடம் போய், பிரிக்கப்பட்டு, பிறகு என்னிடம் வந்தது. என் அக்காவின் பிறந்தநாள் வாழ்த்து, பல் டாக்டரின் நினைவூட்டல், மூலத்துக்கு நான் ரகசியமாக வரவழைத்த களிம்பின் ரசீது, எல்லாமே அவர் பார்வைக்குப் பிறகுதான் எனக்கு. ஒருநாள் போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, "இப்ப உட்கார முடியுதா?" என்று விசாரித்தார். அக்கறையில்தான் கேட்டார்.

கடை போனதுகூடப் பெரிதில்லை. என் கவலையெல்லாம் மனைவி வீட்ஸ்கேயின் செல்லோவைப் பற்றித்தான். வயலின் போலவே, ஆனால் ஏறக்குறைய ஆளுயரம். அதை வைத்துத்தான் அவள் வீட்டிலேயே பாடம் எடுக்கிறாள். வருமானம் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். எங்கள் காலத்துக் கல்யாணத்தில் இருவர் சொத்தும் ஒரே சொத்து. நான் ஒருவன் கடனாளியானால் போதும், அவள் வாத்தியமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வீட்டுச் சாமான்களைப் பார்க்க வியாழக்கிழமை வருவதாக வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

"வந்தா உள்ளத உள்ளபடி சொல்லிடு. மறைச்சாத்தான் வம்பு," என்றாள் வீட்ஸ்கே.

"நீ வாத்தியத்தப் பாரு. சட்டத்த நான் பாத்துக்கறேன்."

"கடையையும் நீதான் பாத்துக்கிட்ட."

வியாழன் காலை அவள் சைக்கிளில் சந்தைக்குப் போனதும் காரியத்தில் இறங்கினேன். செல்லோவைப் பின்னறைக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் தலையணை வைத்து, வெள்ளைப் போர்வையால் மூடினேன். என் சோபாவை ஒருத்தி கணக்கெடுப்பதைத் தெரு பார்க்க வேண்டாம் என்று முன்னறை ஜன்னலின் திரையையும் இழுத்துவிட்டேன்.

எங்கள் தெருவில் பகலில் யாரும் திரை இழுப்பதில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்வதுதான் எங்களுக்குக் கௌரவம். வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் திரை விழும்; செய்தி தெரிந்ததும் அக்கம்பக்கமும் மரியாதைக்காகத் தங்கள் திரைகளை இழுக்கும். பிறந்ததிலிருந்து இதே தெருவில் இருக்கும் எனக்கு அன்று காலை இது நினைவுக்கு வரவில்லை. எதிர்வீட்டில் திரை விழுந்தது. அதற்கடுத்த வீட்டிலும் விழுந்தது. என் அந்தரங்கத்தை மதிக்கிறார்கள், பரவாயில்லை, நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரின்ஸே கறுப்புக் கோட்டும், கையில் சர்க்கரை ரொட்டியுமாக வந்தான். என் தோளில் கை வைத்தான்.

"எப்பப்பா, யெல்லே?"

கடை விஷயம் தெரிந்துவிட்டது என்று தலையைக் குனிந்தேன். "கொஞ்ச நாளாவே இழுத்துக்கிட்டு இருந்துச்சு. முடிஞ்சுபோச்சு."

"நேத்துகூடச் சுவர் வழியாக் கேட்டேனே. நல்லாத்தானே வாசிச்சா?"

"அவ வாசிப்புக்கு என்ன குறை? எல்லாத் தப்பும் நான் பண்ணினது."

ரின்ஸே தோளிலிருந்து கையை எடுத்தான். அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த கதவைத் தட்டிக்கொண்டு ஹூக்ஸ்ட்ரா அம்மாள் உள்ளே வந்தார். தோல் பையையும் கறுப்பு உடையையும் ரின்ஸே மேலும் கீழும் பார்த்தான்.

"அடக்கம் பண்ற ஆளா நீங்க?"

"ஏறக்குறைய அந்த வேலைதான்," என்றார் அவர்.

நான் தடுப்பதற்குள் ரின்ஸே தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னறைக்குள் போய்விட்டான். அண்டை வீட்டுக்காரனின் கடமை அது. கட்டிலில் இடுப்பும் தோளுமாகப் போர்வைக்குள் கிடந்த உருவத்தைப் பார்த்ததும் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "வீட்ஸ்கே..." என்றான்.

"என்ன ரின்ஸே?" என்றாள் வீட்ஸ்கே, முட்டைக்கோஸும் கையுமாக வாசலில் நின்றுகொண்டு. "தெரு பூரா திரை போட்டிருக்கு. யாரு போய்ட்டாங்க?"

ரின்ஸே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். நாற்காலியில் என் கண்ணாடி இருந்தது. வழக்கறிஞர் போர்வையின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இத ஏன் படுக்க வச்சிருக்கீங்க?"

"அதுக்கு... ஓய்வு."

"ஒளிச்சு வச்சிருக்கான் மேடம்," என்றாள் வீட்ஸ்கே. "நான் பாடம் எடுக்கறது இதுலதான்."

"அப்ப இது உங்க தொழில் கருவி. இத நான் தொடவே முடியாது. போன்ல கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். இப்படி மறைக்கப் போய்தான் மத்ததையும் ரெண்டு தடவ பாக்க வேண்டியிருக்கு." என்னைப் பார்த்தார். "ரொம்ப விலை ஒசந்ததா இருந்தா மட்டும், வித்துட்டுச் சாதாரணமா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுவோம். அப்படி ஒண்ணும் இல்லியே?"

நான் வாயைத் திறந்தேன். என்னைக் கொலைகாரன் என்று நினைத்ததற்குப் பரிகாரமாக ஏதாவது உதவி செய்யத் துடித்த ரின்ஸே முந்திக்கொண்டான்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! இத்தாலி வாத்தியங்க அது. எரநூறு வருஷப் பழசு. பிறந்தநாள் விருந்துக்கு விருந்து யெல்லே சொல்லுவானே!"

சொன்னதுண்டு. கூடியிருந்தவர்கள் கேக் தட்டோடு எழுந்து ஓட முடியாத சமயமாகப் பார்த்துச் சொன்னதுண்டு. வீட்ஸ்கே முட்டைக்கோஸை மேசையில் வைத்துவிட்டுப் போய்ச் செல்லோவை நிமிர்த்தி வைத்தாள்.

மறுவாரம் ஹூக்ஸ்ட்ரா அம்மாளுடன் மதிப்பீட்டாளர் வந்தார். முதல்முறையாக, நான் சொல்லிவந்தது பொய்யாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வாத்தியத்தின் துளைக்குள் சின்ன விளக்கைப் பிடித்து அவர் நெடுநேரம் பார்த்தார். வீட்ஸ்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெருவின் சார்பில் ரின்ஸேயும் வந்திருந்தான்.

"இத்தாலி இல்ல, சாக்சனி," என்றார் மதிப்பீட்டாளர். "ஆலையில செஞ்சது. பாடம் நடத்தத் தாராளமாப் போதும்."

"உள்ள இத்தாலிப் பேரு ஒட்டியிருக்கே?" என்றேன்.

"அந்தக் காலத்துல கட்டுக்கட்டா அச்சடிச்சு ஒட்டுவாங்க சார்."

செல்லோ தப்பியது. நான் அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். "நல்லாப் பாத்தீங்களா? அந்த மெருகு, அந்தக் கழுத்து வளைவு... இத்தாலியில மட்டும்தான்..." வீட்ஸ்கே என் காலை மிதித்தாள். அவள் போட்டிருந்தது தோட்டத்து மரச்செருப்பு.

ஹூக்ஸ்ட்ரா அம்மாள் பேனாவை மூடாமலே கேட்டார். "மறுமதிப்பீடு வேணுமா?"

ரின்ஸே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்," என்றேன். "ஆலைச் சரக்குதான் அது."

அவர் எழுதிக்கொண்டார். "உங்களுக்கே விட்டாச்சு," என்று வீட்ஸ்கேயிடம் சொன்னார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவளிடம் கிசுகிசுத்தேன்.

"எங்கப்பா வாங்கறப்ப நான் கூடத்தானே இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? சொல்லிக்கிட்டுல்ல இருந்த. எல்லாரும் வெளிய போங்க, பாடம் இருக்கு."

ஓய்வு பெற்ற செவிலி ஒருவர் உள்ளே வர, நாங்கள் வெளியேறினோம். வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். உள்ளே செல்லோ முனகத் தொடங்கியது. ரின்ஸே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு என்னைத் தேற்றும் குரலில் சொன்னான்:

"சாக்சனியும் வெளிநாடுதானேப்பா."