ஃபில்டர் திருகின் மேல் ஒட்டிய டேப்

எனக்கு இல்லாத பயம் கிடையாது. கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்களும் உண்டு. ஆனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஆம்பூரில் ஒரு டேனரிக்குத் தோல் அலசப் போனவன் நான், இதை எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். மறுநாள் சர்ச்சில் என் மனைவி ஜெயா தனியாகப் பாட வேண்டும், நான் கீபோர்டு. அவள் ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிறவள், ஆனால் குரல் அப்படி ஒரு குரல். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் மாதிரியே ஒரு ஹம்மிங்கை கீபோர்டில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹாலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அவள் ஹம் பண்ணிக் காட்டுவாள், நான் கீபோர்டின் திருகுகளைத் திருகுவேன்.

"இன்னாயா இது, பூன கத்துற மாதிரி கீது. எங்க தையல் மெஷினே இத விட நல்லா பாடும்."

"இருடி, இன்னும் கொஞ்சம்."

இரண்டு திருகுகள்தான் விஷயம். கிளைடு என்பது ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குச் சத்தம் தாவாமல் வழுக்கிக்கொண்டு போக வைப்பது. ஃபில்டர் என்பது சத்தத்தை மூடித் திறப்பது, முழுசாகத் திறந்தால் காதைக் கிழிக்கும், மூடினால் கதவுக்கு அந்தப் பக்கம் பாடுவது போல இருக்கும். கிளைடைக் கூட்டினேன், ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன், ஒரு இடத்தில் கட்டையை அழுத்தியதும் அவள் குரல் வந்தது. ஜெயாவேதான். ஒரு நூல் அதிகமாக வழுக்குகிறது, அடுத்த அறையிலிருந்து பாடுவது போல இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"கேட்டியா?" என்று திரும்பினேன். அவள் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

"வெளையாடாத ஜெயா."

அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெங்காயத் தட்டு டங்கென்று விழுந்தது எனக்குக் கேட்டது, அப்படியானால் என் காதில் கோளாறு இல்லை. அவள் இருமினாள், இருமலுக்கும் சத்தம் இல்லை. பதற்றத்தில் என் விரல் மறுபடி அதே கட்டையில் பட்டுவிட்டது. ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு நின்றவளின் தொண்டை அதே நேரம் துடித்தது. விரலை எடுத்தேன், நின்றது.

அந்த டோனை நான் சேவ் செய்திருக்கவில்லை. அணைத்தால் அழிந்துவிடும். அழிந்தால் குரல் அவளிடம் திரும்புமா, இல்லை அதோடு போய்விடுமா? சேவ் செய்தால் காலத்துக்கும் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுமா? இதற்குள் கரண்ட் போய்விட்டால்? நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியும், விட்டால் சாயங்காலம் வரை அப்படியே நிற்பேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், நேராகப் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

ஒன்றுமில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.

"ஒரு பிளக்க புடுங்கறதுக்கு இம்மாம் யோசனையா உனக்கு?"

நான் அழுதுவிட்டேன். அவளும்தான்.

மறுநாள் பாடினாள். "இன்னிக்கு கொரலு அப்டியே வழுக்கினு போவுது ஜெயா" என்று பாஸ்டர் அம்மாவே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வழுக்கல் அவளுடையது இல்லை, நான் வைத்த அளவு. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்கூட அடுத்த அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டது. வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்.

போன மாதம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன். துணி பட்டு ஃபில்டர் திருகு கொஞ்சம் திரும்பிவிட்டது, சமையலறையில் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்த ஜெயாவின் குரல் போர்வை போட்ட மாதிரி அமுங்கிப் போனது. பதறிப்போய்த் திருகைப் பழைய அளவுக் கோட்டிலேயே வைத்தேன்.

"இல்லடி, நான் இங்கியேதான் கீறேன், எங்கயும் போவல" என்று அவள் போனில் சொல்வது கேட்டது.

திறந்து வைத்தால் பழைய குரல் வருமோ என்னவோ. எவ்வளவு திறப்பது? அதிகமாகிவிட்டால்? அன்றே திருகின் மேல் டேப் ஒட்டிவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை. காலையில் கேஸை மூன்று தடவை, டேப்பை நான்கு தடவை.

போன திங்கட்கிழமை பார்க்கிறேன், என் டேப்பைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சள் டேப், ஷூ கம்பெனியில் அடையாளத்துக்கு ஒட்டுவார்களே, அது. அடியில் இருக்கும் திருகு நான் வைத்த கோட்டில் இல்லை, திறக்கிற பக்கமாக ஒரு கோடு தள்ளி நிற்கிறது.