பெருசும் ரொம்பப் பெருசும்

கப்பல் டிக்கெட் விற்பதற்குக் கப்பலைப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கடலே இல்லாத திருச்சியில் உட்கார்ந்து பதினோரு வருஷம் விற்றவள் சொல்கிறேன், நம்புங்கள். எழுபதுகளில் பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் எங்கள் டிராவல் ஆபீஸ். முதலாளி ஒருவர், நான் ஒருத்தி. ஸ்டெல்லா என்று பெயர். டைப்பிஸ்ட், கிளார்க், விசாரணை, எல்லாம் நானேதான். தனக்கே தெரியாத விஷயத்தைக் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து அடித்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

சின்னது என்ற பேச்சுக்கே இடமில்லை

மெட்ராஸில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போகிற கப்பல்கள் அப்போது எங்களிடம் இரண்டு. இரண்டின் பெயரும் ஜனங்கள் வாயில் நுழையாது. ஒன்று பெரியது, இன்னொன்று அதைவிடப் பெரியது. "சின்னக் கப்பல்னு சொன்னா எவன்மா ஏறுவான்? தோணின்னு நினைச்சுக்குவான்" என்று முதலாளி சட்டம் போட்டுவிட்டார். ஆகவே எங்கள் ஆபீஸில் ஒன்று 'பெருசு', மற்றது 'ரொம்பப் பெருசு'.

சுவரில் இரண்டின் படத்தையும் மாட்டியிருந்தோம். வினையே அங்கேதான். பெருசின் படம் பெரிய காலண்டர். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும். ரொம்பப் பெருசுக்கு வந்ததோ போஸ்ட்கார்டு சைஸ். வருகிறவர்களெல்லாம் காலண்டரைக் காட்டி, "அந்தப் பெரிய கப்பலே குடுங்க" என்பார்கள். அதுதான் சின்னது என்று நான் வாயைத் திறக்கவும் கூடாது. ஒரு நாள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குத் தொண்டை வறள விளக்கி, போஸ்ட்கார்டுதான் ரொம்பப் பெருசு என்று நிரூபித்தே விட்டேன். அவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போட்டோவிலேயே இத்துனூண்டு இருக்கு, இதுல எங்கம்மா நான் காலை நீட்டுறது?"

பரிசல்

உப்பிலியபுரத்திலிருந்து ஒரு விவசாயி சிங்கப்பூரில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போக மனைவியோடு வந்தார். ஒரு மணி நேரம் கேள்வி. கப்பல் ஆடுமா? "ரொம்பப் பெருசு ஆடவே ஆடாதுங்க, வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கும்." கக்கூஸ் எந்தப் பக்கம்? "ரெண்டு பக்கமும் இருக்குங்க." இப்படியே அளந்துகொண்டு போகையில், "நீங்க எதுலம்மா போனீங்க?" என்றார்.

மாட்டிக்கொண்டேன். முக்கொம்பில் ஒரு தடவை பரிசலில் ஏறியதைத் தவிர நான் தண்ணீரில் போனதே கிடையாது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. காலண்டரைக் காட்டி, பெருசிலேயே இரண்டு டிக்கெட் போடச் சொன்னார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அப்ப அந்தப் பரிசலைப் பத்திச் சொல்லுங்க, அதையாவது போனவங்க வாயால கேட்டுக்கிறேன்" என்றார்.

குடைக்கடை பாய்

அதே வாரம் பாலக்கரையில் குடைக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வந்தார். கூடவே மகள் ஜைத்தூன், இருபத்திரண்டு வயது. நிக்காஹ் முடிந்து இருபதாம் நாளே மாப்பிள்ளை பினாங்குக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். மூன்று வருஷமாகக் கடிதாசிக் குடும்பம்தான். ஒரு தடவை அவளுக்கு அங்கே நுழைய அனுமதி வாங்கி அனுப்பினார். அந்தச் சமயம் பார்த்து அவள் அம்மா படுத்துவிட, அம்மாவும் போய்ச் சேர்ந்தார், அனுமதியும் காலாவதியானது. இப்போது வந்திருப்பது இரண்டாவது. நவம்பர் முப்பதாம் தேதிக்குள் பினாங்கில் இறங்கியாக வேண்டும், மூன்றாவது அனுமதி சத்தியமாகக் கிடைக்காது என்று எழுதியிருந்தார்.

பெருசு பன்னிரண்டாம் தேதி நாகையில் கிளம்புகிறது, ரொம்பப் பெருசு இருபதாம் தேதி. போய்ச் சேர ஆறு நாள். கணக்குப்படி இரண்டுமே சரிதான். ஜைத்தூன் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நான் "ரொம்பப் பெருசுலயே போடுங்க பாய், ஆடவே ஆடாது" என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் பல். "தாயில்லாப் பொண்ணும்மா. இருக்கிறதிலேயே பெரிய கப்பலாப் பார்த்து ஏத்திவிடணும், அவ்வளவுதான்."

ஸ்ரீரங்கத்துக்காரர் தரிசனம்

நான்கு நாள் கழித்து ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு சுவாமி நெருப்பாக வந்து நின்றார். சிங்கப்பூரில் அண்ணாவைப் பார்க்க நான்தான் அவரை அனுப்பிவைத்திருந்தேன். திரும்பி வந்தது ரொம்பப் பெருசில். "நாகப்பட்டணத்துலே இறங்கலாம்னேளே! அங்கே கப்பல் கரைக்கே வராதாமே, தெரியுமோ? நடுக்கடல்லே நின்னுண்டு, படகு வந்துதான் ஜனங்களை ஏத்தணும் இறக்கணுமாம். சின்னதாவது கொஞ்சம் கிட்டக்க வந்து நிக்கறது. இது இருக்கிற பருமனுக்கு எங்கேயோ நின்னுடுத்து. அலை பெரிசு, படகு வரலே. கேப்டன் ஒரு மணி நேரம் பார்த்தான், கிளப்பிண்டு போயே போயிட்டான். என்னைக் கொண்டுபோய் மெட்ராஸ்லே தள்ளினான்!"

நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் நாகையில் நிற்காமலே போய்விடுமா? அப்படியானால் கரையில் பெட்டியோடு நிற்கிறவர்கள் கதி? அடுத்த கப்பலுக்குள் டிசம்பர் பிறந்துவிடும். ஜைத்தூனின் முகம் கண்முன் வந்தது. சுவாமி என்னமோ நான் அவருக்காகத்தான் வருந்துகிறேன் என்று நினைத்து, குரலை இறக்கினார். "போறது, விடுங்கோ. பெரிய பெருமாள் இங்கே சயனிச்சுண்டிருக்கச்சே அவரை விட்டுட்டுப் பெரிய கப்பலை நம்பினேன் பாருங்கோ, எனக்கு வேணும்."

விற்றதைக் கெடுக்கப் போனேன்

"வித்த டிக்கெட்டை நீயே போய் வேணாம்னு சொல்லப் போறியா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றார் முதலாளி. ஆமாம் என்று சொல்லிவிட்டு பாலக்கரைக்கு நடந்தேன்.

பாய் குடைக்கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பெருசில் போனால் கிட்டத்தில் வந்து நிற்கும், தப்பித் தவறி அதுவும் நிற்காமல் போனாலும் எட்டு நாளில் மற்றது இருக்கிறது, ரொம்பப் பெருசைத் தவறவிட்டால் ஒன்றுமே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அசையவில்லை. "அன்னிக்கு அது ஆடாதுன்னீங்க, இன்னிக்கு வேணாங்கிறீங்க. அப்ப சின்னது ஆடுமில்ல?" முதன்முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னேன். "ஆடும் பாய். நல்லாவே ஆடும்." அவர் எழுந்தே விட்டார். "என் பொண்ணை அதுல ஏத்தவே மாட்டேன், போயிட்டு வாங்கம்மா."

உள்ளே திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஜைத்தூன் வெளியே வந்தாள். "எது முன்னாடி போகுங்க அக்கா?" என்றாள். பதினோரு வருஷத்தில் எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். எது பெருசு என்று கேட்காமல் இப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். சின்னது, எட்டு நாள் முன்னாடி என்றேன். என் வாயில் சின்னது என்று வந்துவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குக் கப்பல் வேணாம் அத்தா, பினாங்குதான் வேணும்."

மழை

டிக்கெட்டை மாற்றினேன். உப்பிலியபுரத்துத் தம்பதி அதே கப்பலில் போவதால் அவர்களைத் துணை சேர்த்துவிட்டவர் யார் என்கிறீர்கள்? புத்தி கெட்டதா என்று கேட்ட அதே முதலாளிதான். பன்னிரண்டாம் தேதி ஜைத்தூன் நாகையில் நல்லபடியாக ஏறிவிட்டாள்.

பதினான்காம் தேதி பிடித்தது பாருங்கள் மழை, விடவே இல்லை. பாய் தினமும் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் ஆபீஸுக்கு வந்துவிடுவார். குடை விற்கிற நாளில் கடையைப் பூட்டுகிற மனுஷனை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? பெஞ்சில் உட்கார்ந்து காலண்டரையே பார்ப்பார். "ரொம்ப ஆடுமோ?" என்பார். நான் டைப் அடிப்பது போல விரல்களை ஓட்டிக்கொண்டு, வேளாங்கண்ணி மாதாவே, உன் வாசல் வழியாகத்தானே போயிருக்கிறாள், பார்த்துக்கோ என்று வேண்டிக்கொண்டிருப்பேன். பதினெட்டாம் தேதி சேர்ந்திருக்க வேண்டும். பத்தொன்பது, இருபது; ஒரு தகவலும் இல்லை. நான்தானே மாற்றினேன் என்று சோறு இறங்கவில்லை எனக்கு.

இருபத்தொன்றாம் தேதி எங்கள் வாசலில் மூன்று குடும்பம், டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி சகிதம் வந்து இறங்கியது. ரொம்பப் பெருசு நாகையில் யாரையும் ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டதாம். முதலாளி திட்டு வாங்கிக்கொண்டிருக்க, பாய் அந்தப் பெட்டிகளையே பார்த்தபடி நின்றார். மெதுவாக என்னிடம் வந்தார். "இதுலதானேம்மா எம்பொண்ணை ஏத்துறேன்னு நின்னேன்?"

ஆடிய கதை

மறுநாள் காலை கொட்டுகிற மழையில், பாலக்கரையிலிருந்து தலையோடு கால் நனைந்து ஓடிவந்தார் அந்தக் குடைக்கடைக்காரர். கடை நிறையக் குடை, கையில் ஒன்றுகூட இல்லை. தந்தியைச் சட்டைக்குள் வைத்திருந்தார். ஜைத்தூன் இறங்கிவிட்டாள், வழியில் மழை என்பதால் இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார், அந்த மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து.

பத்து நாள் கழித்துக் கடிதமும் வந்தது. அதை எடுத்துவந்து பெஞ்சில் உட்கார்ந்து பாயே படித்துக் காட்டினார். போகிற வழியெல்லாம் வாந்தியாம். உப்பிலியபுரத்து அம்மாதான் மடியில் படுக்கவைத்துக்கொண்டாராம். கப்பல் எவ்வளவு பெருசு என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, நான் கண்ணையே திறக்கவில்லை என்றாளாம். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் பாய். காலண்டரை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாவே ஆடிச்சாம்மா. ஆடிக்கிட்டே கொண்டுபோய்ச் சேர்த்துடுச்சு."

பதினோரு வருஷத்தில் நான் விற்ற அத்தனை டிக்கெட்டிலும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் கொடுத்தது, நான் நன்றாக ஆடும் என்று சொல்லி விற்ற அந்த ஒன்றே ஒன்றுதான்.