டூக்கன் அலகுக்குப் போட்ட பூஜ்ஜியம்

கோவைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தேர்வில், தென் அமெரிக்க மழைக்காட்டு டூக்கன் பறவைக்கு அத்தனை பெரிய அலகு எதற்கு என்று கேட்டிருந்தேன். கிளை நுனியில் இருக்கும் பழத்தை எட்டிப் பறிக்க, இணையைக் கவர என்பது நான் நடத்திய பாடம். காங்கேயத்து மாணவி ஒருத்தி மட்டும், ‘உடம்புச் சூட்டை வெளியே விட’ என்று எழுதியிருந்தாள். பூஜ்ஜியம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் எழுப்பி, இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

“படிக்கலீங்க சார். வெயில்ல எங்க ஆட்டுக் காதைத் தொட்டா கொதிக்குதுங்க. அந்த மாதிரி இருக்குமோன்னு எழுதிப்போட்டேனுங்க.”

“அப்ப டூக்கனையும் உங்க பட்டியிலயே அடைச்சிரு.”

வகுப்பே சிரித்தது. அன்று முதல் அவள் பெயர் டூக்கன். பட்டம் வாங்கியதும் அவள் விலங்கியல் பக்கமே திரும்பவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கட்டுரை படித்தேன். வெயில் ஏறினால் டூக்கன் அலகுக்கு ரத்தத்தைக் கூடுதலாகப் பாய்ச்சிச் சூட்டை வெளியேற்றுகிறதாம். குளிர்ந்தால் அந்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறதாம். தூங்கும்போது அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும் பறவை அது. அவள் எழுதியது சரி. தெரிந்த பிறகும் வெட்கத்தில் மூன்று வருடம் சும்மா இருந்தேன்.

சென்ற சித்திரையில் காங்கேயத்துக்கு பஸ் ஏறினேன். அவளும் அவள் கணவரும் அங்கே தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறார்கள். அவரும் அதே வகுப்பில் படித்தவர்தான். வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

“மார்க்கெல்லாம் மறந்தே போச்சுங்க சார். இந்தப் பேருதான் போகமாட்டீங்குது.”

அந்நேரம் பார்த்துக் களத்திலிருந்து கணவரின் குரல்: “ஏ டூக்கன், லாரி வந்துருச்சு!”

“கேட்டீங்களா? எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? அங்க வந்து சொல்லுங்க.”

கொப்பரை காயும் களத்தில் நின்று, வேலையாட்களும் கேட்க, அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். அவள் எழுதியது சரி, நான் போட்ட பூஜ்ஜியம் தப்பு, அன்று வகுப்பில் உங்களையெல்லாம் சிரிக்க வைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்று அவள் கணவரிடம் சொன்னேன். கணவர் தலையைச் சொறிந்தார்.

“அப்ப இனி எப்படிங்க சார் கூப்பிடறது?”

“டூக்கன்னே கூப்பிடுங்க,” என்றாள் அவள். “கூப்பிடறப்பல்லாம் நாஞ்சொன்னதுதான் சரின்னு நெனைச்சுக்கங்க.”

பிறகு ஒரு சொம்பை என்னிடம் நீட்டினாள். “மோரு குடிங்க சார். உங்க காது ரெண்டும் செவந்துபோச்சு.”

வெயில்தான் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.