மூன்றரைப் பாட்டு

எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கிற ஒரு மனிதன் தனக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகிறான்? குலசேகரத்தைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுகிறவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அவரைக் காண நேரம் குறிக்க வேண்டியதில்லை. உணவகத்தில் மதிய வேலை முடிந்து மாலை வேலை தொடங்குவதற்குள், மெத்ரோ ரயில் பாலத்தின் கீழே யாருடையதோ சாமான் பையைச் சுமந்துகொண்டு நிற்பார். வைத்தியசாலைக்குத் துணையாகப் போய் மொழிபெயர்ப்பார். மண்டபத்தில் கதிரை அடுக்குவார். செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொடுப்பார். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாததால் அவருடைய நேரம் பொதுச்சொத்து என்றொரு எண்ணம் பரவியிருந்தது. அதை அவரும் மறுக்கவில்லை. இதை நல்ல குணம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நல்ல குணமும் மறுக்கத் தெரியாமையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டில் எது தன்னிடம் இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அவருக்குள் யாருக்கும் தேவைப்படாத ஒரு பகுதியும் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்து, கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தார். சமையலறை நிலத்துக்குக் கீழே இருந்தது. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் கூரையோரக் கண்ணாடியில் தெரியும். அடுப்படியில் நின்ற நிக்கோலா நாள் முழுவதும் ஒரே குழுவின் பாட்டுகளைப் போடுவான். கே நெஃப், அதாவது ஒன்பதாம் நடைமேடை, என்பது அந்த ரொக் குழுவின் பெயர். நான்கு பேர், மூன்று கித்தார், ஒரு டிரம். முதல் மாதங்களில் குலசேகரத்துக்கு அது வெறும் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் சொற்கள் கேட்கத் தொடங்கின. பிரெஞ்சு மொழியை அவர் அங்கேதான் பொறுக்கி எடுத்தார். பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, "கதவு மட்டுமே உள்ள ஒரு வீட்டில், மடாம்" என்று பாட்டு வரியிலேயே பதில் சொன்னார். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அப்போது அவருக்கு வேறு வாக்கியம் தெரியாது.

நிக்கோலா வேலையை விட்டுப் போனான். குலசேகரம் அதே சமையலறையில் சமையற்காரரானார். பாட்டு மட்டும் மாறவில்லை. தங்கை நிரோஜினியின் கணவன் கரிகாலனின் காரில் ஒருமுறை அதைப் போட்டுக் காட்டினார்.

"மச்சான், உது பாட்டோ, இல்லாட்டி ஆருக்கோ பல்லுப் பிடுங்கேக்கை பதிஞ்சதோ?"

குலசேகரம் சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டார். பிறகு யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. கச்சேரிக்கும் போனதில்லை. போகலாம் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் யாருக்கோ கல்யாணம், யாருக்கோ பிரசவம், யாரோ ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள்.

பிறகு குழு கலைந்துவிடப்போவதாக அறிவிப்பு வந்தது. பாரிஸ் நிகழ்ச்சிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. எஞ்சியிருந்தது, பனிச்சறுக்குப் பருவம் முடிகிற ஏப்ரல் வாரத்தில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு சறுக்கு ஊரில் நடக்கும் திறந்தவெளிக் கச்சேரி. சனிக்கிழமை பகல். அனுமதி இலவசம், மேலே வந்து சேர்ந்தால் போதும் என்று போட்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் பாரிஸின் புறநகரான பொண்டியில் தங்கை மகள் சுபாங்கியின் சாமத்தியச் சடங்கு.

பிள்ளை பெரியபிள்ளையாகி ஒன்றரை வருடம் கடந்திருந்தது. மண்டபம் கிடைத்த நாள்தான் சடங்கு நாள். பிரான்சில் கிரகங்களும் மண்டபக்காரரின் வசதியைப் பார்த்துத்தான் நகர வேண்டியிருக்கிறது. பல்லக்கு, புகை விடும் இயந்திரம், இரண்டு கமரா, முந்நூறு விருந்தினர். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் உண்டு. தாய்மாமன் வந்து பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் தண்ணீரை வார்க்க வேண்டும். அது நடக்காமல் அடுத்தது எதுவும் நடக்காது. நிரோஜினிக்கு அண்ணன் ஒருவர்தான்.

சுபாங்கிக்குப் பதின்மூன்று வயது. மாமா என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குப் பிரெஞ்சு. சில வாரங்களுக்கு முன், லிஃப்டில் இருவரும் தனியாக இறங்கியபோது அவள் சொன்னாள்.

"மாமா, முந்நூறு பேருக்கு முன்னால் என் உடம்பைப் பற்றி அறிவிக்கப் போகிறார்கள். எனக்கு வேண்டாம். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்."

"ஓம், கதைக்கிறன்" என்றார் குலசேகரம்.

கதைக்கவில்லை. அடுத்த கிழமை நிரோஜினி சேலை நிறம் சரியா என்று கேட்டபோது அதற்கும் ஓம் என்றார்.

சனிக்கிழமை உணவகத்தில் இரட்டை வேலை, ஞாயிறு காலை நேரே மண்டபத்துக்கு வருகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறினார். திரும்பும் பஸ் சனி மாலை. விடிய பாரிஸ், குளித்து வேட்டி கட்ட நேரம் இருக்கும். தன் வாழ்நாளில் அவர் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதையும் இரண்டு பக்கத்துக்கும் பாதகமில்லாமல் சொல்லியிருந்தார்.

காலில் சமையலறைச் சப்பாத்து. எண்ணெயிலும் தண்ணீரிலும் வழுக்காதது. அவர் நம்பிய ஒரே சப்பாத்தும் அதுதான். கம்பியில் தொங்கிப்போகும் கூண்டில் ஏறியபோது உடன் வந்த ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் சறுக்குப் பலகை இருந்தது. ஏதோ விளையாட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தார். கச்சேரிக்கு வருகிறவர்கள் தன்னைப்போல ஏறி, தன்னைப்போல இறங்குவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. முப்பது வருடம் அந்த நாட்டில் இருந்தும் பனிமலையைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டவர் அவர்.

மேடை ஓர் உணவகத்தின் முன்னால், சரிவின் ஓரத்தில் போடப்பட்டிருந்தது. வெயிலில் பனி கண்ணைக் கூசவைத்தது. தலைக்கவசமும் வண்ண உடுப்பும் போட்ட ஆயிரம் பேர், கட்டைபோன்ற சறுக்குச் சப்பாத்துகளுடன், முழங்காலை மடக்க முடியாமல் ஆடினார்கள். பாடகர் நரைத்திருந்தார். குரல் கசெட்டில் இருந்ததைவிட ஒரு படி கீழே இறங்கியிருந்தது. காற்று பாதிச் சொற்களைக் கொண்டுபோனது. குலசேகரத்துக்கு முதல் பாட்டில் ஒருவித ஏமாற்றம்தான். தன் தலைக்குள் இருந்த பாட்டு வேறு, இது வேறு. இரண்டாவது பாட்டில், கொண்டுபோன சொற்களை அவரே போட்டு நிரப்பத் தொடங்கினார். முதலில் முணுமுணுப்பு. மூன்றாவதில் வாய்விட்டுப் பாடினார். பக்கத்தில் நின்ற தாடிக்காரன் திரும்பிப் பார்த்து, உனக்கு எல்லாம் தெரிகிறதே என்று தோளில் கையைப் போட்டான். ஈரம் சப்பாத்துக்குள் இறங்கிக் கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

நான்காவது, கதவு மட்டும் உள்ள வீட்டின் பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்கும்போது மேடையின் துணிக்கூரை ஒருமுறை உப்பி அடித்தது. ஒலி நின்றது.

காற்று பலமாகிறது, கூண்டுகள் ஓடமாட்டா, தயவுசெய்து சறுக்கி இறங்குங்கள் என்று ஒலிபெருக்கி இல்லாமல் ஒருவன் கத்தினான். ஆயிரம் பேரும் முணுமுணுத்தபடி பலகையை மாட்டினார்கள். தாடிக்காரன் கையசைத்துவிட்டு மறைந்தான். கொஞ்ச நேரத்தில் மலை வெறுமையானது. சறுக்கத் தெரியாதவர்கள் ஒரு பதினைந்து பேர் மிஞ்சினார்கள். குலசேகரம் சரிவில் நாலு அடி இறங்கிப் பார்த்தார். எண்ணெயில் வழுக்காத சப்பாத்து ஐந்தாவது அடியில் அவரை முதுகில் கிடத்தியது. தவழ்ந்து மேலே வந்து, மற்றவர்களோடு உணவகத்தின் கண்ணாடிக் கூடத்துக்குள் போனார்.

உள்ளே கே நெஃப் குழுவினரும் இருந்தார்கள். அறுபது வயதுக்காரர்களுக்கும் இறங்க வழியில்லை. மூலையில் காலை நீட்டிக்கொண்டு சீட்டு விளையாடினார்கள். பாடகர் எழுந்து வந்து குலசேகரத்திடம் தொலைபேசிக்கு மின் ஏற்றும் வயர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போய்த் தன் சீட்டுகளைப் பொறுக்கினார். முப்பது வருடத்தில் பல தடவை மனதில் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த பெண் தமிழில் பேசினாள்.

"நீங்க யாழ்ப்பாணமா? மூஞ்சிய பாத்தாலே தமிழ்னு தெரியுது."

"ஓம்."

"அந்த ஓம் போதும். நான் எமிலி, பாண்டிச்சேரி. பாரிஸ் பக்கம் எபினேல நகரசபையில வேல. எம்புள்ள இங்க சீசன் வேலைக்கு வந்திருக்கான், பாக்க வந்தேன். வியூ நல்லாருக்கும், மேல போம்மான்னான். நல்லாத்தான் இருக்கு, எறங்கத்தான் வழியக் காணோம்."

அவர் சிரித்தார். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. நிரோஜினி.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? உங்கடை ரெஸ்ரோறன்ருக்கு எடுத்தால் நீங்கள் லீவெண்டு சொல்லுகினம்."

"மலையிலை நிக்கிறன்."

"எந்த மலையிலை?"

"பனிமலையிலை. ஆல்ப்ஸ்."

"குடிச்சிருக்கிறியளோ?"

"இல்லை பிள்ளை. ஒரு பாட்டுக் கச்சேரி. காத்தடிச்சு இறக்கம் நிண்டுபோச்சு."

அந்தப் பக்கம் மாவரைக்கும் இயந்திரத்தை அவள் நிறுத்துவது கேட்டது. "நாளைக்குப் பத்தேகாலோடை நல்லநேரம் முடியுது, அண்ணை. நீங்கள் இல்லாமல் நான் ஆரைக் கொண்டு தண்ணி வார்ப்பிப்பன்?"

கரிகாலன் தொலைபேசியை வாங்கினான். "மச்சான், நடக்க ஏலாட்டி உருண்டெண்டாலும் வாரும். முந்நூறு பேருக்குச் சொல்லியாச்சு."

"ஓம், வருவன்" என்றார் குலசேகரம்.

தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடிக்கு வெளியே வெறுமையான கூண்டுகள் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. கூடம் சூடாகவும் ஈர உடுப்பின் மணமாகவும் இருந்தது. தான் எங்கேயாவது அடைபட்டிருப்பதை அவர் உணர்ந்தது அன்றுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே கதவு பூட்டியிருக்கவில்லை. யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. வெளியே போகலாம், போனால் விழ வேண்டும், அவ்வளவுதான். அது எந்த வகைச் சிறை என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது சுபாங்கி அழைத்தாள். மெல்லிய குரலில் பேசினாள்.

"மாமா, நீங்கள் வராவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?"

"நான் வருவன்."

"உண்மையாகவா?"

"ஓம்."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

வெயில் சரியத் தொடங்கியபோது பனியை மட்டப்படுத்தும் சங்கிலிப்பட்டை வண்டி ஒன்று ஏறி வந்தது. பின்னால் ஆட்கள் இருக்க ஒரு பெட்டி. முதல் நடையில் பிள்ளைகளோடு வந்தவர்களும் இசைக் குழுவும் போனார்கள். பாடகர் வயரைத் திருப்பிக் கொடுத்து, இன்று சரிவரவில்லை, மன்னிக்கவும் என்றார். இரண்டாவது நடையே கடைசி. பஸ்ஸைப் பிடிக்க அது சரியாக இருக்கும் என்று ஓட்டுநர் சொன்னான். உணவகத்தைப் பார்த்துக்கொள்கிறவன் மேலேயே தங்குகிறவன். விரும்பினால் யாரும் படுக்கலாம், காலையில் கூண்டு ஓடும் என்றான். யாரும் விரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி லா ஷப்பலில் பல கதைகள் உண்டு. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கொஞ்ச நாள் பேசினார்கள். சின்னப்பிள்ளையின் சொல்லைக் கேட்டார் என்று நிரோஜினி இன்றும் நம்புகிறாள். அவள் அவரோடு பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்தச் சப்பாத்தோடு மலை இறங்கப் பயந்திருப்பார் என்பது கரிகாலன் கட்சி. சுபாங்கியே ஒருநாள் நேராகக் கேட்டாள். எனக்காகவா மாமா என்றாள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார். இதைத் துணிவு என்று அழைக்க அவசரப்பட வேண்டாம். வராமல் இருப்பது எல்லாச் சமயத்திலும் ஒரு செயல் ஆகிவிடாது.

நடந்தது இவ்வளவுதான். எல்லோரும் பெட்டிக்குள் ஏறினார்கள். எமிலி தன் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, ஒக்காருங்க, ஒங்களுக்குத்தான்" என்றாள். குலசேகரம் ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்து, கதவை வெளியே நின்றபடி மெதுவாகச் சாத்தி, அது பூட்டிக்கொண்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஓட்டுநருக்குக் கையைக் காட்டினார். வண்டி புறப்பட்டது.