சியாமளா வீட்டு மாருதி

டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு மாணிக்கவாசகம் ஒரு பழைய மாருதி காரை வாங்கி வந்து நிறுத்திய நாளிலிருந்து அகல்யாவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கார் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். தன் புருஷன் ராஜசேகரன் அந்தக் காரைத் தத்தெடுத்துக்கொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெளியே பார்க்க வண்டி பளிச்சென்றுதான் இருந்தது. உள்ளேதான் அலங்கோலம். முன்பு வைத்திருந்த கரோல் பாக் வியாபாரி கடைச் சாமான்களை ஏற்றி இறக்கியே பாழாக்கியிருந்தான். இடதுபக்க முன்கதவின் உள்பலகையில் ரெக்சின் கையகலத்துக்குக் கிழிந்து தொங்கியது. பலகையைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்புகள் உடைந்துபோய், கதவைச் சாத்தும்போதெல்லாம் அது தனியாக ஒரு சத்தம் போட்டது. டேஷ்போர்டு முழுக்கக் கீறல்.

"மெக்கானிக்கிட்ட விட்டா கழுத்தை அறுப்பான், சேகர். நீதான் கைவேலைக்காரனாச்சே" என்றார் மாணிக்கவாசகம். அவர் செக்ஷன் ஆபீசர். ராஜசேகரன் அதே செக்ஷனில் கிளார்க். ஆனாலும் அவன் ஒத்துக்கொண்டது ஆபீசருக்குப் பயந்து அல்ல. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் அவனுக்குப் பசி தூக்கம் கிடையாது. இது அகல்யாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரியத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் கீழே இறங்கிவிடுவான். அவள் துணி காயப்போடும் சாக்கில் மூன்றாம் மாடி பால்கனியில் நிற்பாள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றினான். பிறகு ஒரு தட்டையான தகட்டில் துணியைச் சுற்றி, பெயின்ட் உரியாமல் பலகையை மெல்ல நெம்பினான். அந்தத் தகடு வேறொன்றுமில்லை, அவளுடைய தோசைத் திருப்பிதான்.

அதற்குள் மாணிக்கவாசகத்தின் மனைவி சியாமளா இஞ்சி டீயோடு வந்துவிடுவாள். "அண்ணா, நீங்க இல்லேன்னா இந்த டப்பாவுல நான் ஏறியே இருக்க மாட்டேன்" என்பாள். அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு மூன்று மாடி ஏறி வந்து அகல்யாவின் காதில் நுழைந்தது.

சியாமளா பி.ஏ. படித்தவள். சர்தார்ஜிகளோடு சரளமாக இந்தி பேசுவாள். அகல்யா எட்டாவதோடு நின்றவள். காய்கறிக்காரனிடம் "பையா, ஆலு" என்று உருளைக்கிழங்கு கேட்பதற்கு மேல் அவளுக்கு வாய் வராது. படியில் சியாமளா எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். மனசில் இருப்பதெல்லாம் புருஷனிடம்தான் வெளியே வரும்.

"நம்ம அடுப்படி அலமாரிக் கதவு ஒருபக்கமாத் தொங்குதே, அதுக்கு என்னைக்கு நல்ல நாள்?"

"பாக்கலாம்மா."

"அலமாரிக்கு நாலு சக்கரம் வச்சிருக்கணும். இந்நேரம் பாத்திருப்பீங்க."

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒட்டுப்போட கரோல் பாக்கிலிருந்து மூன்று சாயலில் ரெக்சின் துண்டுகள் வாங்கி வந்தான். நேரே எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "சியாமளாவுக்கு நல்ல கலர் கண்ணு. டக்குனு எடுத்துட்டாங்க" என்றான். சின்ன வயசிலிருந்து ரவிக்கைக்கு நூல் சேர்த்து எடுத்த கண் அகல்யாவுடையது. பால்கனியில் இருந்தே அவளுக்குத் தெரிந்தது, அந்த ஒட்டு ஒரு சாயல் வெளுப்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்று நினைத்துக்கொண்டு ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்தது. ஞாயிறு காலை எல்லோருமாக மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போடுவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானமே எலுமிச்சம்பழம் வாங்க ராஜசேகரன் மார்க்கெட்டுக்குப் போனான். வேலைக்காக அவன் வாங்கி வைத்திருந்த கார் சாவி ஆணியில் தொங்கியது. பால்கனி வெயிலில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உருகிக்கொண்டிருந்தது.

நாளைக்குக் கதவைத் திறந்ததும், யார் இப்படி மினுக்கியது என்று ஒருவராவது கேட்க வேண்டும். என் பெண்டாட்டி என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் சியாமளா எதிரில். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய வேட்டித் துணியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கண்ணாடி வழியே வெயில் விழுந்து வண்டிக்குள் கதகதவென்று இருந்தது. டேஷ்போர்டில் தேய்த்தாள், கதவில் தேய்த்தாள், அவன் போட்ட ஒட்டின் மேலும் தேய்த்தாள். கீறல்கள் மறைந்தன. ஒட்டின் வெளுப்பு அடங்கிப் பழைய ரெக்சினோடு ஒன்றாகிவிட்டது. சியாமளா உட்காரப்போகும் சீட்டில் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பிறகு யாரும் பார்ப்பதற்குள் மாடிக்கு ஓடிவிட்டாள்.

டெல்லிக் குளிரில் எண்ணெய் மெழுகாக உறைந்துபோகும் என்று தினமும் பாட்டிலை வெயிலில் வைக்கிற பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அன்று அவளுக்கு அது தோன்றவே இல்லை.

காலையில் பனிமூட்டம். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மாணிக்கவாசகம் கோட்டு போட்டுக்கொண்டு வந்து காரைத் திறந்தவர் அப்படியே நின்றார். உள்ளே எல்லாம் வெள்ளை. ஒவ்வொரு கீறலிலும், ரெக்சினின் ஒவ்வொரு வரியிலும் உறைந்த எண்ணெய் அப்பியிருந்தது.

"என்ன கண்றாவி இது? யார் பண்ண வேலை?" அவர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு சர்மாஜி ஜன்னலைத் திறந்தார்.

சியாமளா ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அர்ச்சனைத் தட்டோடு படியடியில் நின்ற அகல்யா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ராஜசேகரன் டேஷ்போர்டைப் பார்த்தான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றான். "பளபளன்னு இருக்கட்டுமேன்னு எண்ணெய் தடவினேன். குளிரை யோசிக்கல."

"அறிவிருக்காய்யா? பத்து வருஷமா டெல்லியில இருக்கே. எண்ணெய் உறையும்னு தெரியாது? ஆபீஸ்லயும் இப்படித்தான் பண்ணிக்கிட்டிருக்கியா?"

ராஜசேகரன் தலையைக் குனிந்துகொண்டான். "ஜல்தி துடைச்சிரலாம் சார். அகல்யா, கொஞ்சம் வெந்நீர் வச்சுக் கொண்டா."

அவள் வெந்நீர் வாளியோடு வந்தபோது மாணிக்கவாசகம் இன்னும் ஓயவில்லை. ராஜசேகரன் வெளியே நின்று துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தான். பெண்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து துடைத்தார்கள்.

சியாமளா குனிந்தபடி மெதுவாகக் கேட்டாள். "நீதானே?"

அகல்யா டேஷ்போர்டின் ஒரு கீறலை அழுத்தித் தேய்த்தாள்.

"தேங்காயெண்ணெய் பாட்டில் எங்க இருக்குன்னு எந்த ஆம்பளைக்குத் தெரியும்? வாசனையிலேயே தெரிஞ்சுபோச்சு." துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "எங்க வீட்டுக்காரரா இருந்தா எம் பேரை சர்மாஜிக்குக் கேக்குற மாதிரி சொல்லியிருப்பார். தெரியுமா?"

சொல்லிவிட்டு வெளியே நின்ற ராஜசேகரனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் எரிந்த பொறாமை எத்தனை காரம் என்று அகல்யாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அவரு அப்படித்தான்க்கா" என்றாள் அகல்யா. சியாமளாவிடம் அவள் வாய்திறந்து சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். அவளைப் பாவம் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. உள்ளுக்குள் ஊற்றாகச் சுரந்த சந்தோஷத்தை மறைக்க முகத்தை வாளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. முன்சீட்டில் சியாமளா. பின்சீட்டில் புருஷனை ஒட்டி அகல்யா. மலை மந்திர் போய்ச் சேருவதற்குள், எதையோ கேட்கும் சாக்கில், சியாமளாதான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தாள்.