ஒரேயொரு இருமல் கேட்டேன்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே,

சாட்சி சொல்ல வருகிறவர்கள் "டொக்டர் கையை விரித்துவிட்டார்" என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். எங்கள் டொக்டர் கையை விரிக்கவில்லை. "இவரை இருமச் சொல்லுங்கோ, அது காணும்" என்றார். அந்த ஒன்றுதான் எங்களால் முடியாமல் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்பு, நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று கிழமை முந்தி. என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, ஊர்காவற்றுறையில் எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் சுருண்டுவிட்டார். குடற்புண் வெடித்திருந்தது. அம்புலன்ஸ் அல்லைப்பிட்டியையும் மண்டைதீவுச் சந்தியையும் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேருமுன் எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிட்டேன். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகுதான் காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

"சளி வெளியிலை வரவேணும். வராட்டி மூச்சு மிசினிலை போடவேண்டி வரும். போட்டால், இவரின்ரை நெஞ்சு இருக்கிற நிலைக்கு திரும்பக் கழட்டுறது சந்தேகம்" என்றார் டொக்டர்.

மாமா இருமவில்லை. இருமல் வராமல் இல்லை. வரும்போதெல்லாம் துவாய்த் துண்டை வாய்க்குள் திணித்துக் கடித்தார். முகம் சிவந்து, கண்ணால் நீர் வடிந்து, இருமலை அப்படியே விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு இன்னும் குறுகும்.

அவர் எப்போதும் அப்படித்தான். "சின்ன மாமா இருக்கிற இடமே தெரியாது" என்று எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வோம். அவர் இருமியோ தும்மியோ நான் கேட்டதில்லை. நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தோம். எனக்கோ வாய் நீளம். நோயாளி என்றும் பாராமல் ஏசினேன்.

"என்ன மாமா இது பிடிவாதம்? இருமினால் குறைஞ்சா போயிடுவியள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. விரலால் கீழே, கட்டிலுக்கு அடியில் காட்டினார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று விட்டுவிட்டேன்.

வார்டுக்கு வெளியே விறாந்தையில் போய் இருந்து செபித்தேன். முதலில் நல்ல செபங்கள், கோயிலில் ஒலிவாங்கியில் சொல்லக்கூடிய செபங்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாமா போய்விடப் போகிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையில்லாத மாமிக்கு வேறு ஆரும் இல்லை. அழுகை வந்தது. செபமும் உடைந்துபோய் வந்தது. "ஆண்டவரே, பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. ஒரு இருமல் தாரும். ஒரேயொரு இருமல்."

பக்கத்தில் இருந்த மாமி அதைக் கேட்டுவிட்டார். மாமி கேட்டால்கூட மறுமொழி சொல்லாத பிறவி.

"அவர் இருமமாட்டார், பிள்ளை. இருமினால் ஆக்கள் வருவினம் எண்டு பயம்" என்றார்.

கலியாணம் முடித்த புதிதில் மாமா ஒரே ஒருமுறை சொன்ன கதையை மாமி அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது மாமா தெற்கே ஒரு சிறு பட்டினத்தில், எங்கள் தீவார் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலை செய்தார். கூட வேலை செய்தவர் நாரந்தனைச் செபஸ்தி. கடை எரிந்தபோது பின்வீட்டுச் சிங்கள அம்மா இருவரையும் தன் குசினிப் பரணில் ஏற்றி, தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் ஒளித்தார். கீழே அடுப்பு எரிந்தது. அடுப்பை அணைத்தால் சந்தேகம் வரும். செபஸ்திக்குத் தொய்வு வருத்தம். புகை பட்டால் மூச்சு இழுக்கும். தமிழரைத் தேடி ஆட்கள் வீட்டுக்குள் வந்து நின்றபோது செபஸ்தி இருமிவிட்டார். பரணில் இருவர் இருப்பது தெரியக்கூடாது என்று அவர் தானாகவே இறங்கிப் போனார். மாமா வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

பிறகு அந்த அம்மா ஏணியடியில் நின்று அழுதழுது சொன்னாராம்: "கியா மல்லி, கியா." போய்விட்டார்கள் தம்பி, போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதன் பிறகும் மாமா இருமவில்லை. அவர் வாயிலிருந்து கை எடுபட நாற்பது வருடங்கள் செல்லும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கட்டிலுக்கு அடியில் அவர் விரலால் காட்டியது அந்த ஆட்களைத்தான். இந்த மனிதனையா பிடிவாதம் என்று ஏசினேன்?

அந்த வார்டில் ஒரு சிங்களத் தாதி இருந்தார். மாமாவின் வயதில் பாதிகூட இராது. அரைகுறைத் தமிழ். எனக்கு எக்காய் தெக்காய் என்று ஒன்று இரண்டு எண்ணுவதற்கு மேல் சிங்களம் தெரியாது. எப்படியோ கைகாட்டி, பாதி தமிழ் பாதி கண்ணீராகச் சொல்லி முடித்தேன். அவர் சேலைன் போத்தலைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பி நின்றார். பிறகு மாமாவின் கட்டிலடிக்கு வந்தார். ஒப்பரேசன் காயத்தின் மேல் ஒரு தலையணையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருடைய காதுக்குள் குனிந்தார்.

"கியா மல்லி, கியா."

மாமா கண்ணைத் திறந்தார். செக்பொயின்ற்களில்கூட ஊமைபோல நின்ற மனிதர். அவர் வாயில் சிங்களச் சொல் ஒன்றை நான் கேட்டதேயில்லை. துவாயைத் தானே எடுத்துவிட்டுக் கேட்டார்: "ஒக்கொமத?"

எல்லாருமா?

"ஒக்கொம" என்றார் அந்தப் பிள்ளை.

மாமா இருமினார். பழைய தண்ணீர் இறைக்கிற மிசின் இழுபட்டு இழுபட்டுப் பிடிக்குமே, அப்படி ஒரு சத்தம். அடுத்த கட்டில்காரர் எழும்பி இருந்துவிட்டார். தாதி கிண்ணத்தைப் பிடிக்க, சளி கட்டிகட்டியாக வந்தது. மாமியும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். இருமலைக் கேட்டு ஆனந்தப்பட்ட குடும்பம் எங்களைத் தவிர வேறொன்று இருக்குமா தெரியாது. நத்தாருக்கு மாமா வீட்டில் இருந்தார்.

நடமாடத் தொடங்கியதும், "என்னை நாரந்தனைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். செபஸ்தியின் அக்கா, றீற்றா அக்கா, அங்கேதான் இருந்தார். கலவரத்தில் பிரிந்துவிட்டோம், பிறகு தெரியாது என்றுதான் மாமா அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருந்தார். அதை நம்பி, தம்பி சுகமாக வந்து சேர வேண்டுமென்று அக்கா வருடா வருடம் பூசை கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவ்வளவு காலமும் உமக்கு நாக்கு எழும்பேல்லையோ?" என்று கேட்டார். மாமா தலை குனிந்து இருந்தார். அக்காவே மறுபடி கேட்டார்: "பசியோடையோ போனவன்?"

"இல்லை அக்கா. அந்த மனிசி காலமை சோறு தந்தது. ரண்டு பேரும் ஒரு கோப்பையிலைதான் சாப்பிட்டனாங்கள்."

அப்போதுதான் அக்கா அழுதார். அழுது முடித்து, எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தார்.

அந்த மாதமே செபஸ்தியின் ஆன்ம இளைப்பாற்றிக்கு முதல் பூசை கொடுத்தோம். மாமா முன்வாங்கில் றீற்றா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். நற்கருணை எழுந்தேற்ற நேரம், கோயிலே அமைதியாக இருக்கும்போது, மாமாவுக்கு இருமல் தொடங்கிவிட்டது. பின்னாலிருந்து நான் வெட்கத்தில் அவருடைய தோளைத் தட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. இருமட்டும்."

மாமா அதன் பிறகு மூன்று வருடங்கள் இருந்தார். எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்க இருமினார், செருமினார், மாமியுடன் சண்டைகூடப் பிடித்தார். போன தவக்காலத்தில், மாமி பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார். எங்களுக்கு அழுகை இருந்தது, ஆனால் மனத்தில் பாரம் இருக்கவில்லை.

சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் காரணம் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கலாம். என்னைப்போல ஏசாதேயுங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அழகான செபம் வராவிட்டால் பரவாயில்லை. தேவை இருமல் என்றால் இருமல் என்றே கேளுங்கள். பதில் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதேயுங்கள். நான் தமிழில்தான் கேட்டேன். அவர் சிங்களத்தில் தந்தார்.