இன்னும் எறங்கும்

எங்க அக்கா வீட்டுக்காரரு சபேசன் மாமா வாயில எப்பவும் ஒரே பேச்சுதான்: 'இன்னும் எறங்கும்.' அதக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆரம்பத்துல அந்தப் பேச்சுக்கு மரியாதை ஜாஸ்திங்க. மாமா சிதம்பரத்துல ஒரு உரக்கடையில கணக்குப் புள்ள. மத்தியானச் சோத்து நேரத்துல கீழவீதி மாடியில இருந்த ஷேர் ஆபீசுக்கு ஓடிடுவாரு. ரெண்டாயிரத்து ஏழு கடைசியில ஊரே ஷேர் வாங்குது, இவரு மட்டும் இருந்ததையெல்லாம் வித்தாரு. பொங்கல் முடிஞ்சு மார்க்கெட் விழுந்துச்சு பாருங்க, பக்கத்துல உக்காந்திருந்தவங்க மூஞ்சியெல்லாம் செத்துப்போச்சு. "சபேசன் அன்னைக்கே சொன்னாருய்யா"ன்னு ஆளாளுக்குப் பேசுனாங்க. மனுஷனுக்குத் தல கால் புரியல.

ஐப்பசியில வேலையக் காட்டுனாரு.

"ஷேரு விழுந்துச்சா, அடுத்தது தங்கந்தான் மச்சான். உலகத்துலயே காசு இல்ல, நகைய எவன் வாங்குவான்? இப்ப வித்துட்டு, பாதி வெலைக்கு வரும்போது ரெண்டு பங்கா வாங்கி பிரீதாவுக்குப் போடுறேன்."

பிரீதா அவருக்கு ஒரே பொண்ணு. எங்க அக்கா லலிதாம்பிகை அழுதுச்சு, சண்ட போட்டுச்சு, கடைசியில எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துச்சு. காசுமாலை, ரெட்டவடச் சங்கிலி, வளையலு. வெறுங்கழுத்தோட கோயிலுக்குப் போனா நாலு பேரு கேப்பாங்கல்ல? சிதம்பரத்துல கவரிங்குக்கா பஞ்சம்! அதே மாதிரி காசுமாலை, அதே ரெட்டவடம் வாங்கியாந்து மாட்டி விட்டாரு. எனக்கே வித்தியாசம் தெரியல.

தங்கம் எறங்கவே இல்ல. நகை வித்த பணம் பேங்குல கெடந்துச்சு. மாமா தெனம் காலையில பேப்பர்ல தங்கம் வெலைய மட்டும் பாப்பாரு, மடிச்சு வச்சிருவாரு. மூஞ்சியில கோவமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. "பாதியாச்சும் வாங்கிப் போடுங்க மாமா"ன்னு நான் கத்துவேன். "இன்னும் எறங்கும் மச்சான்"பாரு. மூணு வருஷத்துல பவுனு ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. அக்காவும் கேக்கறத விட்டுடுச்சு. கவரிங் வெளுத்தா புதுசு மாத்திக்கும், அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்துப் பதினொன்னு ஆவணியில நான்தான் சம்பந்தம் கொண்டாந்தேன். மாப்ள வீடு எங்க கடலூர்லதான், திருப்பாதிரிப்புலியூர்ல. பையன் வாத்தியாரு. பிரீதா அவன் போட்டோவத் தலகாணிக்கு அடியில வச்சிருந்துச்சுன்னா பாத்துக்குங்களேன். பொண்ணு பாக்க வந்தப்ப பையனோட அம்மா மங்கலம் காப்பியக் குடிச்சிட்டு அக்காகிட்ட சொன்னாங்க: "இத்தன பவுனு போடுங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். நீங்க போட்டிருக்கீங்களே, அத அப்பிடியே மகளுக்குப் போட்டு அனுப்புங்க, போதும்."

நான் மாமாவப் பாத்தேன். பேங்குல கெடக்குற பணத்துக்கு இதுல பாதி நகைகூட வராது. அவரு டம்ளரையே பாத்துக்கிட்டிருந்தாரு.

அக்கா காசுமாலையக் கழட்டி மங்கலம் கையில வச்சுச்சு.

"இது கவரிங்குங்க. பொய் சொல்லிப் பொண்ணு குடுக்க மனசு வல்ல."

அந்தம்மா மாலையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பழத்தட்டு மேல வச்சாங்க. "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்."

போனவங்க போனவங்கதான். நான் போன் பண்ணா எடுக்கவே இல்ல. வெக்கத்துலயும் ஆத்திரத்துலயும் எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

அந்த வாரமே ஒருநா காலையில நான் அக்கா வீட்டுல இருக்குறப்ப, மாமா பேப்பர்லேர்ந்து நிமிந்தாரு.

"தங்கம் எறங்கிடுச்சு மச்சான்!"

பிரீதா ஓடியாந்துச்சு. "அப்ப இருக்குற பணத்துக்கு இன்னைக்கே வாங்கிடலாமாப்பா? நானே அவங்க வீட்டுல ஒருதடவ பேசிப் பாக்குறேன்."

மாமா பேப்பர மடிச்சாரு.

"அவசரப்படாதம்மா. இன்னும் எறங்கும்."

பிரீதா "சரிப்பா"ன்னுட்டு காலி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. எனக்குக் கத்தணும்னுகூடத் தோணல.